கல்தச்சனும் கல்லூரிக் கதவும்

கோபுரங்களை எண்ணி ஊரை அளப்போர் உண்டு. ஆக்ஸ்போர்டு என்றதும் அவர்தம் கண்முன் தோன்றுவன, வானைத் தொட விழையும் கூர்ங்கோபுரங்கள், பசும்புல் முற்றங்கள், கருப்பங்கி தரித்த பேராசான்கள், செர்வெல் ஆற்றிலே கோலூன்றிப் படகு செலுத்தும் இளைஞர்கள். அறிவுக்கோர் அணிநகர் என்பர். பல நூற்றாண்டுகளாக அணையாத விளக்கு என்பர். புகழ்ந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவர். புகழ்ச்சி பொய்யென்று நான் கூறவில்லை. ஆனால் அந்தக் கோபுரத்துக் கல்லைச் செதுக்கியவன் எவன்? அவன் குடியிருந்த தெரு எது? அவன் பெற்ற பிள்ளை அந்தக் கோபுரத்தின் நிழலிலே ஏடெடுத்துப் படித்தானா? இந்தக் கேள்விகள் அவர்கட்கு எழுவதில்லை.

எழுந்த ஒருவர் உண்டு. தாமஸ் ஹார்டி. கல் கட்டும் தொழில் செய்தவரின் மகன். கட்டடக் கலைஞரிடம் தொழில் பயின்றவர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டப்படிப்புப் படித்தறியாதவர். அவர் எழுதி 1895-இல் நூலாக வெளிவந்த 'ஜூட் தி அப்ஸ்கியூர்' என்னும் புதினம் — ஊரறியா ஜூட் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம் — ஆக்ஸ்போர்டு நகரின் மீது சாட்டப்பட்ட குற்றப்பத்திரிகை. நகரின் பெயரைக் கிறிஸ்ட்மின்ஸ்டர் என்று மாற்றினார். பேலியல் கல்லூரியைப் பிப்ளியால் என்றார். உழைப்பாளர் குடியிருந்த ஜெரிகோ என்னும் பகுதிக்குப் பெயர்ஷெபா என்று பெயரிட்டார். பெயர்கள் மாறின, மதில்கள் மாறவில்லை, படித்தவர் எவரும் ஏமாறவுமில்லை.

கதை நெடியது. நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் சொல்கிறேன்.

பெற்றோரை இழந்த சிறுவன் ஜூட். நாளொன்றுக்கு ஆறு பென்னி கூலிக்கு வயலிலே பறவை விரட்டுகிறான். பறவைகளும் தன்னைப்போல் வேண்டாதவைதாமே என்று இரங்கித் தின்னவிடுகிறான். உடையவன் கையால் அடிபடுகிறான். கூரை மேல் ஏறி நின்றால் மாலை நேரத்திலே தொலைவில் ஒளிப்புள்ளிகள் தெரிகின்றன. அதுதான் கிறிஸ்ட்மின்ஸ்டர்! அன்று முதல் அந்த ஒளி அவனை இழுக்கிறது. இலத்தீன் இலக்கணமும் கிரேக்க இலக்கணமும் கைக்கு வருகின்றன. ஒரு மொழியை இன்னொரு மொழியாக மாற்றித்தரும் மந்திரத் திறவுகோல் அந்த நூல்களுக்குள் இருக்கும் என்று எண்ணித் திறந்தவன், ஒவ்வொரு சொல்லையும் ஆண்டுக்கணக்கில் உருப்போட வேண்டும் என்று கண்டு இடிந்துபோகிறான். (ஆசிரியத் தொழிலில் இருப்பவன் நான். புதிய மொழிப் பாடநூலை முதன்முதல் திறக்கும் பிள்ளையின் முகத்தை இத்தனை நேர்மையாக எழுதிய வேறொரு பக்கத்தை நான் படித்ததில்லை.) ஆயினும் விடவில்லை. ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டே, கடிவாளம் ஒரு கையிலும் கவிதை நூல் மறு கையிலுமாகப் படிக்கிறான். பிழைப்புக்குக் கல்தச்சு கற்கிறான். இடையிலே ஒரு பொருந்தா மணம், அது முறிகிறது. கடைசியில் கிறிஸ்ட்மின்ஸ்டருக்கே வந்து சேருகிறான். பகலெல்லாம் கல்லூரிச் சுவர்களின் சிதைந்த கல்லை மாற்றிப் புதுக்கல் வைக்கிறான். இரவெல்லாம் அந்தச் சுவருக்குள்ளே போவதற்காகப் படிக்கிறான்.

கல்லூரித் தலைவர்கள் ஐவருக்குக் கடிதம் எழுதுகிறான். நால்வர் வாய்திறக்கவில்லை. பிப்ளியால் தலைவர் மட்டும் விடையிறுக்கிறார். நீ உழைப்பாளி என்று எழுதியிருக்கிறாய்; ஆகவே உன் நிலையிலேயே நின்று உன் தொழிலையே பற்றிக்கொண்டிருப்பதுதான் உனக்கு நல்லது என்ற கருத்தமைந்த, சுருக்கமான, பண்பான கடிதம்! வசையில்லை, வன்சொல் இல்லை, கதவு மட்டும் மூடியிருக்கிறது. அன்றிரவு ஜூட், தன் தொழிலுக்கு வைத்திருந்த சுண்ணக்கட்டியை எடுத்து, அந்தக் கல்லூரியின் மதிலிலேயே, உங்களைப் போல எனக்கும் அறிவுண்டு, உங்களுக்கு நான் தாழ்ந்தவன் அல்லன் என்னும் பொருள்பட விவிலியத்து வாசகம் ஒன்றை எழுதிவிட்டுப் போகிறான். அவர்கள் ஓதும் நூலிலிருந்தே, அவர்கள் மதிலிலேயே, அவர்களுக்கு விடை!

இந்தப் புதினம் வெளிவந்ததும் எழுந்த கூச்சல் பெரிது. வேக்ஃபீல்டு நகரின் பேராயர் நூலை நெருப்பிலிட்டுவிட்டதாக அறிவித்தார். திருமணம் என்னும் அமைப்பை ஹார்டி கேள்விக்குள்ளாக்கியதால் ஒழுக்கம் கெட்டது, சமயம் கெட்டது என்று ஏடுகள் ஓலமிட்டன. மணமாகாமல் ஆடவனும் பெண்ணும் கூடி வாழ்ந்ததைக் கண்டு பதறிய கண்களுக்கு, மாமேதைகள் வாழும் ஊரிலே படிக்கத் துடித்தவனை வெளியே நிறுத்திய கதவு உறுத்தவில்லை. ஹார்டி அதன் பின்னர் புதினமே எழுதவில்லை, கவிதைக்குத் திரும்பிவிட்டார்.

கூச்சல் ஓய்ந்த பின்னர் வந்த திறனாய்வாளர் பலர் வேறொரு முடிவுக்கு வந்தனர். ஹார்டி விதியைப் பாடிய கலைஞர்; ஜூட் விதியின் கையில் சிக்கிய பதுமை என்றனர். கல்லூரிப் பாடக்குறிப்புகளிலும் இந்த 'விதி' விடாமல் வருகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. விதி என்பார் சற்றே அந்தக் கடிதத்தை மீண்டும் படிக்கட்டும். அதற்குக் கையொப்பம் உண்டு. கையொப்பமிட்டவருக்கு ஒரு நாற்காலி உண்டு. அந்த நாற்காலிக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. விதிக்கு ஏது கையொப்பம்?

சட்டதிட்டங்கள் என்றேன், ஆக்ஸ்போர்டின் வரலாற்றையே சான்றுக்கு அழைக்கலாம். இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்திடாதவன் அங்கே பட்டம் பெற முடியாத காலம் இருந்தது. வேறு சபையைச் சேர்ந்தவன், யூதன், கடவுளே இல்லையென்பவன், எத்தனை கற்றிருந்தாலும் வெளியே! 1871-இல் நாடாளுமன்றம் சமயச் சோதனைகளை அகற்றிச் சட்டம் செய்தது. பெரும்பாலான பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் அந்தத் தடை ஒழிந்தது. பெண்களுக்கு 1879-இல் சோமர்வில், லேடி மார்கரெட் ஹால் என்னும் இரு இல்லங்கள் திறந்தன. படிக்கலாம், தேர்வெழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது! நாற்பத்தோராண்டு காத்த பின் 1920-இல் பட்டம் வந்தது. அதே 1920-இல்தான் கிரேக்கம் கட்டாயம் என்ற நிபந்தனையும் ஒழிந்தது. ஜூட் ரொட்டி வண்டியில் உருப்போட்டானே, அதே கிரேக்கம். அதே 1920-இல்தான் ஹார்டியை அழைத்து மதிப்பியல் முனைவர் பட்டம் தந்தது ஆக்ஸ்போர்டு. புதினத்தின் இறுதிப் பகுதியிலே ஜூட்டின் உடல் கிடத்தப்பட்டிருக்கும் அறையின் சன்னல் வழியாக, பிரபுக்களுக்கு மதிப்புப் பட்டம் வழங்கும் ஆரவாரம் கேட்கிறது. அதை எழுதியவருக்கே அந்தப் பட்டம்! எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஹார்டி பணிவோடு பெற்றுக்கொண்டார்.

மனிதர் போட்ட தடையை மனிதர் எடுத்தனர். ஆண்டும் தெரியும், சட்டமும் தெரியும். இதில் விதிக்கு வேலை எங்கே?

ஆனால் ஹார்டியின் மீதும் எனக்கொரு வழக்குண்டு. அதை மறைத்துப் புகழ்வது திறனாய்வு ஆகாது. புதினத்தின் பின்பாதியில் அவரே தம் குற்றப்பத்திரிகையைக் கைநெகிழ விட்டுவிடுகிறார். ஜூட்டின் குலத்துக்கே மணவாழ்வு பொருந்தாது என்று கிழவி ஒருத்தி கூறும் பழங்கதைக்கு மேன்மேலும் இடம் தருகிறார். முதுமை முகத்தோடு ஒரு சிறுவனைப் படைத்து, அவன் கையால் குழந்தைகளைக் கொன்று, அவனையும் கொல்கிறார். பிள்ளைகள் மிகுதி என்பதற்காக அந்தக் குடும்பத்துக்கு வாடகைக்கு அறை தர மறுத்த கிறிஸ்ட்மின்ஸ்டரின் வீட்டுக்காரர்கள் அந்தச் சாவுக்குக் காரணமாக நம் கண்முன் நிற்க வேண்டியவர்கள். அவர்களோ பின்னணிக்கு நழுவுகிறார்கள். முன்னே வந்து நிற்பது ஊழின் நிழல். சான்றுகளை வரிசையாக அடுக்கிய வழக்கறிஞர் முடிவில் எழுந்து, எல்லாம் அவன் தலையெழுத்து என்று சொல்லி அமர்ந்ததைப் போலிருக்கிறது. அழுகை வருகிறது, மதிலின் மீது இருந்த சினம் தணிந்துவிடுகிறது. அந்தச் சினம் தணிந்திருக்கக் கூடாது.

முன்பாதியில் ஓர் இடம் இருக்கிறது. விடியற்காலை, ஜூட் கல்வேலை நடக்கும் முற்றத்துக்குள் நுழைகிறான். பழைய கல்லின் சிதைவையும் புதிய கல்லின் கூர்மையையும் பார்க்கிறான். இந்த முற்றத்தில் நடக்கும் முயற்சி, கல்லூரிக்குள்ளே புலமை என்று போற்றப்படும் முயற்சிக்கு எள்ளளவும் தாழ்ந்ததன்று என்று ஒரு கணம் அவனுக்குப் பளிச்சிடுகிறது. மறுகணமே பழைய கனவு வந்து அந்த ஒளியை மூடிவிடுகிறது. புதினம் முழுவதிலும் எனக்கு இதுவே தலையாய இடம். கிறிஸ்ட்மின்ஸ்டரை மட்டுமே அறிவென்று எண்ணியதும் ஜூட்டைக் கட்டிய தளை என்று ஆசிரியர் அறிந்திருக்கிறார், பாத்திரம் அறியவில்லை. அந்தக் கணத்தை வளர்த்துச் சென்றிருந்தால் இந்நூல் வேறோர் உயரத்தை எட்டியிருக்கும்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் அன்று நல்லவர்கள் இல்லாமல் இல்லை. பேலியலின் உண்மையான தலைவர், 1893 வரை இருந்த பெஞ்சமின் ஜவெட், பரந்த உள்ளம் படைத்தவர். நம் நாட்டுப் பெண்மணி கார்னீலியா சொராப்ஜி 1889-இல் சோமர்வில் சேர்ந்து, 1892-இல் சட்டத் தேர்வு எழுதிய முதற்பெண் ஆனபோது அவருக்குத் துணை நின்றவர் ஜவெட். (பட்டம் கைக்கு வர அவர் 1922 வரை காத்திருந்தார்!) நம் ஜி.யு. போப் 1884 முதல் அங்கே தமிழும் தெலுங்கும் பயிற்றினார். பேலியலின் சமயப் பணியாளராகவும் விளங்கினார். முதுமையை எண்ணித் திருவாசக மொழிபெயர்ப்பில் இறங்கத் தயங்கிய அவரை, பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்டநாள் வாழும் வழி என்று ஊக்கியவரும் ஜவெட்டே என்று போப் குறித்திருக்கிறார். தென்னாட்டு மாணிக்கவாசகருக்கு இடம் தந்த அதே கல்லூரியைத்தான், பக்கத்துத் தெருக் கல்தச்சனுக்கு இடமில்லை என்று சொல்லும் கல்லூரியாக ஹார்டி வரைந்தார். இரண்டும் உண்மை. நல்ல மனிதர் சிலர் உள்ளே இருந்தால் போதும், கதவு தானே திறக்கும் என்று நம்புவோர் இந்த இரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கட்டும். நல்லவர் கையசைத்து ஒருவரை அழைத்துக்கொள்ள முடியும். பின்னால் நிற்கும் வரிசைக்கு விதிமுறை மாற வேண்டும்.

நகரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இருந்த பகை ஹார்டி காலத்தில் தோன்றியதன்று. 1355-இல் மதுக்கடையொன்றில் எழுந்த பூசல் மூன்று நாள் கலவரமாகி, மாணவர் 63 பேர் மாண்டனர் என்பது மரபுக் கணக்கு. நகரத்தாரிலும் பலர் மடிந்தனர். தண்டனை நகரத்துக்கு மட்டும்! ஆண்டுதோறும் மேயரும் நகரத்தாரும் தேவாலயம் சென்று, மாண்ட மாணவர் தலைக்கு ஒரு பென்னி வீதம் காணிக்கை செலுத்த வேண்டும். இந்தத் தலைகுனிவு 1825 வரை நடந்தது. 1955-இல்தான் மேயருக்கு மதிப்புப் பட்டமும் துணைவேந்தருக்கு நகர மதிப்பும் தந்து கைகுலுக்கிக்கொண்டனர். அறுநூறு ஆண்டு கழித்து ஒரு கைகுலுக்கல்!

இதனூடே ஒரு வியப்பு. ஆக்ஸ்போர்டின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற செயல்கள் பலவற்றில், மதிலுக்கு வெளியே நின்றவர்களின் கை இருக்கிறது.

என் வகுப்பு மேசைமேல் கிடக்கும் அகராதிக்கு மூத்த பேரகராதி, ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. அதைத் தொகுத்த ஜேம்ஸ் மர்ரே ஸ்காட்லாந்துத் தையற்காரர் மகன். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். 1885 முதல் முப்பது ஆண்டு ஆக்ஸ்போர்டில், வீட்டுத் தோட்டத்தில் எழுப்பிய இரும்புக் கொட்டகையில் அமர்ந்து, உலகெங்கிருந்தும் தொண்டர்கள் அனுப்பிய சொற்சீட்டுகளை அடுக்கியவர். எந்தக் கல்லூரியும் அவரைத் தன் உறுப்பாளராக ஏற்கவில்லை. பல்கலைக்கழகத்தின் மதிப்புப் பட்டம் 1914-இல் வந்தது. 1915-இல் அவர் மறைந்தார். ஜூட்டுக்கு நற்பேறு கிட்டியிருந்தால் எப்படி இருந்திருப்பான் என்று கேட்போருக்கு மர்ரேயைக் காட்டலாம். நற்பேறு கிட்டியவனுக்கே இவ்வளவு காத்திருப்பு!

பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, மிதிவண்டி பழுதுபார்க்கத் தொடங்கிய வில்லியம் மோரிஸ், 1913-இல் மோட்டார் வண்டி செய்து, நகரின் கிழக்கே கவுலியில் பெருந்தொழிற்சாலை எழுப்பினார். வேலையற்ற வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரும் பிறரும் திரண்டு வந்தனர். கோபுர நகரம் ஆலை நகரமும் ஆயிற்று. மினி வண்டிகள் இன்றும் அங்கே உருவாகின்றன. மோரிஸ் பிரபுவானார், நஃபீல்டு பிரபு. 1937-இல் அவர் பொருளால் நஃபீல்டு கல்லூரி பிறந்தது. அறிவை ஏந்தி நின்ற ஜூட்டுக்குத் திறவாத கதவு, பொன்னை ஏந்தி வந்தவருக்குத் திறந்தது; அவர் பெயரையே நெற்றியில் பொறித்துக்கொண்டது. நஃபீல்டின் கொடையை நான் பழிக்கவில்லை. கதவின் குணத்தைச் சொல்கிறேன்.

ஆலை வளர்ந்த நகரத்தில் இன்னொரு மதிலும் எழுந்தது. வடக்கே கட்ஸ்லோ என்னுமிடத்தில், நகராட்சி ஏழைகளுக்குக் கட்டிய வீடுகளும் தனியார் கட்டி விற்ற வீடுகளும் ஒரே தெருவின் இரு முனையாய் அமைந்தன. உழைப்பாளர் நடந்து வந்தால் வீட்டின் விலை குறையும் என்று அஞ்சிய தனியார் நிறுவனம், 1934-இல் தெருவின் குறுக்கே ஆள் உயரத்துக்கும் மேலான சுவர் எழுப்பி, உச்சியில் இரும்பு முட்களையும் பதித்தது. அடுத்த வீட்டுக்குப் போக ஊரைச் சுற்று! உலகத்துக்குத் தத்துவம் கற்பித்த நகரிலே அந்தச் சுவர் கால் நூற்றாண்டு நின்றது. நகராட்சி அந்த நிலத்தை வாங்கி, 1959-இல் இடித்துத் தள்ளியது. ஊழ் எழுப்பிய சுவரன்று, ஊழ் இடித்ததுமன்று.

பெனிசிலின் கதை ஊரறிந்தது. ஃபிளெமிங் கண்ட பூஞ்சையை மருந்தாக்கியது ஆக்ஸ்போர்டின் ஃபிளோரி, செயின், ஹீட்லி குழு. போர்க்காலம், கருவி இல்லை. நோயாளிகளின் படுக்கைக்கழிகலங்களிலே பூஞ்சையை வளர்த்தார் நார்மன் ஹீட்லி. அந்தக் கலங்களை நாளெல்லாம் பேணியவர்கள் குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்ட இளம்பெண்கள். 1941 பிப்ரவரியில் காவலர் ஒருவருக்கு ஊசி போட்டனர், தேறினார், மருந்து தீர்ந்தது, அவர் சிறுநீரிலிருந்தே மருந்தை மீட்டெடுத்துச் செலுத்தினர், அதுவும் போதவில்லை, இறந்தார். 1945-இல் நோபெல் பரிசு மூவருக்கு, ஹீட்லிக்கு இல்லை. 1990-இல் ஆக்ஸ்போர்டு அவருக்கு மதிப்பியல் மருத்துவ முனைவர் பட்டம் தந்தது. மருத்துவர் அல்லாத ஒருவருக்கு அதன் எண்ணூறு ஆண்டு வரலாற்றில் அதுவே முதல் முறை. பரிசுப் பலகையில் இடம் பெறாத அந்தப் பெண்களுக்கு?

எண்பது ஆண்டுக்குப் பின், 2020-இல், அதே நகரில் சாரா கில்பர்ட்டும் தோழர்களும் கண்ட கொரோனா தடுப்பூசி, புனேயில் செய்யப்பட்டு, கோவிஷீல்டு என்னும் பெயரில் நம் சிற்றூர் மக்களின் தோளுக்கும் வந்தது. அன்று வரிசையில் நின்ற கூலிக்காரர் ஒருவரும் ஆக்ஸ்போர்டைக் கண்டதில்லை. ஆக்ஸ்போர்டின் அறிவு அவரைத் தொட்டது. இந்தப் பெருமையைக் குறைத்துப் பேசுபவன் நானில்லை. மதிலுக்குள்ளிருந்து இத்தகைய நன்மை பிறப்பதால்தான், மதிலைப் பற்றிக் கேட்பது இன்றியமையாததாகிறது.

உழைப்பாளர் படிக்க 1899-இல் ரஸ்கின் கல்லூரி ஆக்ஸ்போர்டில் எழுந்தது. பல்கலைக்கழகத்துக்குள் அன்று, பக்கத்தில். அதற்கு ஜூட்டின் பெயரையே சூட்டியிருக்கலாம் என்று வாசகர் சிலர் கருதியதாக ஹார்டி 1912-இல் குறித்தார். ஒரு புதினத்துக்கு இதைவிட நல்ல திறனாய்வு இல்லை. விதி என்று படித்தவர் கண்ணீர் விட்டனர். கதவு என்று படித்தவர் கல்லூரியை நினைத்தனர்.

2021-இல் ஆக்ஸ்போர்டில் ஏறத்தாழ 1,62,000 பேர் வாழ்ந்தனர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மூவரில் ஒருவருக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே பிறந்தவர். கவுலிச் சாலையில் நடந்தால் பல நாட்டு உணவும் பல நாட்டு மொழியும் எதிர்ப்படும். பல்கலைக்கழகத்தில் சேரும் பிரிட்டிஷ் மாணவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அரசுப் பள்ளிகளிலிருந்து வருகின்றனர். முன்னேற்றந்தான், ஆனால் அந்நாட்டுப் பிள்ளைகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேல் அரசுப் பள்ளியில் படிக்கின்றனர் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வீட்டு விலையோ, ஊதியத்தோடு ஒப்பிட, பிரிட்டனிலேயே எட்டாக் கனியான நகரங்களுள் ஒன்று. ஜூட் குடியிருந்த ஜெரிகோவில் இன்று கல்தச்சன் ஒருவன் வீடு வாங்குவது கனவு.

அந்த ஜெரிகோவிலேதான் பல்கலைக்கழகத்தின் கிளாரெண்டன் அச்சகம் நின்றது. அச்சுத் தொழிலாளரும் அங்கேயே குடியிருந்தனர். போப்பின் நாலடியார் பதிப்பு 1893-இலும் திருவாசகப் பதிப்பு 1900-இலும் வெளிவந்தது அந்த அச்சகத்திலிருந்து. தமிழ் எழுத்து அச்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த ஜெரிகோத் தொழிலாளி யாரென்று எந்த முன்னுரையும் நமக்குச் சொல்வதில்லை. போப்பின் கல்லறையும் அப்பகுதியிலேயே, செயின்ட் செபல்கர் இடுகாட்டில் இருக்கிறது. 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று அதில் பொறித்திருப்பதாக நம் மேடைகளில் முழங்குகிறோம். கல்லில் அவ்வாசகம் இல்லை. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்போடு நாட்டிய கல் என்றே அது சொல்கிறது. அந்த எழுத்துகளை வெட்டியவனும் அவ்வூர்க் கல்தச்சன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.